யாரும் ஊதாத அந்த ஜி

அன்பு மகனுக்கு,

உன்மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். உன் கடிதம் கிடைத்தது. உன் உம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நீ எழுதியதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அடுத்த மாதம் கல்கத்தாவில் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நீ தனியாக நின்று டிரம்பெட் ஊதப்போகிற அந்த உருப்படியின் கடைசி ஸ்வரம், அந்த உச்சி ஜி, உனக்கு வரவில்லை. முயன்று முயன்று மேலுதடு பிளந்துவிட்டது. பத்து நாள் ஊதக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் நீ ஊதிக்கொண்டிருக்கிறாய். ‘நீங்க அன்னிக்கு எப்படி வாப்பா ஊதுனிய’ என்று கேட்டிருக்கிறாய். இது ஒன்று. இன்னொன்றைக் கடைசி வரியில் விளையாட்டாக எழுதியிருக்கிறாய். போன ரிகர்சலில் ஒரு தடவை அந்த ஜி வந்தது, ஆனால் நீ ஊத ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிட்ட மாதிரி இருந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், நீயும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டாய் என்று. முதலாவதைப் படித்து வருத்தப்பட்டேன். இரண்டாவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அன்று சயான் கச்சேரியில் அந்த ஜியை நான் ஊதவில்லை. மேடையில் நின்ற மணி சாரும் ஊதவில்லை. அந்த அரங்கில் இருந்த எந்த மனுஷனும் ஊதவில்லை. நான்தான் ஊதினேன் என்று ஏழு வருஷமாக உன்னிடமும் ஊரிடமும் சொல்லி வந்தது பொய். நீ தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். இத்தனை பக்கத்தை முடிக்க உனக்கு இரண்டு நாளாவது ஆகும். அதுவரை டிரம்பெட் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், உதட்டுக்கு அந்த ஓய்வாவது கிடைக்கும். இதன் பிரதி ஒன்றைத் தாராவியில் நம் ஆட்கள் வருஷா வருஷம் போடுகிற மலருக்கும் கொடுக்கப்போகிறேன். ஊர் கூடித்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது பொய் என்பதையும் ஊருக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். உன் உம்மாவுக்கு இதில் சம்மதம். “நாலு பேரு சிரிப்பாவ, சிரிச்சிட்டுப் போவட்டும். புள்ள வாயி நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டாள்.

என் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் என் தப்பு உனக்குப் புரியாது. மாஹிமில் கல்யாண பேண்டில் மாப்பிள்ளைக் குதிரைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனவன் நான். ஒரு மழை நாளில் ஆள் குறைந்தது என்று செம்பூரில் ஒரு சினிமா ஒலிப்பதிவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதோடு பேண்டுக்குத் திரும்பவில்லை. படத்தில் ஹீரோ ஹோட்டல் மேடையில் டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்துக் கன்னத்தை உப்புவார், சத்தம் என்னுடையது. எத்தனை ஹீரோக்கள் என் காற்றில் கதாநாயகியை மயக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் உன் உம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். அவர்கள் தப்பான வால்வை அழுத்துவதைத் தியேட்டரில் பார்த்துச் சிரித்துக்கொண்டு பக்கோடா தின்போம். ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவதை பம்பாயில் யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. அது ஒரு வேலை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் ஊறிப்போயிருந்ததால், மணி சார் அந்த உதவியைக் கேட்டபோது எனக்கு அது பாவமாகத் தெரியவில்லை.

மணி சாரை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் முழுசாகத் தெரியாது. மாதுங்காக்காரர், பாலக்காட்டுப் பிராமணக் குடும்பம். பகலில் வி.டி.யில் ரயில்வே ஆபீஸில் பெரிய குமாஸ்தா. சாயங்காலம் டையைக் கட்டிக்கொண்டு கொலாபாவில் ஒரு ஹோட்டலில் ஜாஸ் ஊதுவார். ஹோட்டல் போர்டில் மணியை இங்கிலீஷாக்கி ‘மேனி’ என்று எழுதியிருப்பார்கள். தயிர்சாதம் சாப்பிடுகிற வாயில் இப்படி ஓர் ஊது எங்கிருந்து வருகிறது என்று கோவாக்காரர்களே வியப்பார்கள். அவருக்கு ஒரே ஓர் ஆசை. முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவே முப்பது வருஷம் ஊதியாயிற்று, ஒரே ஒரு முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நின்று, எல்லோரும் வாய்மூடிக் கேட்க, தனியாக ஊதிவிட வேண்டும். அது அவருக்கு ஐம்பத்தாறு வயதில் கைகூடியது, கலர் டிவி வந்த வருஷம். பார்ஸி வயலின்காரர்கள், கோவாக்காரர்கள், செம்பூர் ஒலிப்பதிவு ஆட்கள் எல்லோரும் சேர்ந்த ஆர்கெஸ்ட்ரா. சயானில் ஒரு பெரிய அரங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. நீ இப்போது எடுத்திருக்கிற அதே உருப்படி. மூன்றாவது பாகத்தில் டிரம்பெட் ஏறிக்கொண்டே போய், தாளில் ஸ்வரம் எழுதுகிற கோடுகளையெல்லாம் தாண்டி மேலே ஒற்றையாக நிற்கிற ஒரு ஜியைத் தொட்டு, எட்டு பார் விடாமல் பிடிக்க வேண்டும். மலர் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று. எட்டு பார் என்றால் கிட்டத்தட்ட இருபது நொடி. அந்த உயரத்தில் இருபது நொடி என்பது உயிரைப் பிடித்து நிறுத்துகிற வேலை.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பிற்பகலில் அவர் நம் வீட்டுக்கு வந்தார். குடையை ஊன்றிச் சாக்கடையைத் தாண்டித் தாண்டிச் சந்துக்குள் வந்தார். உம்மா சாயா போட்டுக் கொடுத்தாள். அவர் அதை வாயின் ஒரு பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கிக் குடித்தார். பிறகு விரலால் முன்பற்களைத் தொட்டு அசைத்துக் காட்டினார். இரண்டும் ஆடின.

“பாய், சி வரைக்கும் சிரமமில்லை. அதுக்கு மேல அழுத்தினா பல்லு உள்ள சாயறது. அந்த ஜி நேக்கு வராது. ஆத்துல கூடச் சொல்லலை.”

“கச்சேரியத் தள்ளிப் போட்டுருங்களேன் சார்.”

“இந்த வயசுல தள்ளிப் போட்டா அப்பறம் யாரு கூப்பிடப் போறா? மத்த எல்லாத்தையும் நானே வாசிச்சுடறேன். அந்த எட்டு பார் மட்டும் நீங்க சைடுல கர்ட்டனுக்குப் பின்னாடி நின்னு ஊதிடுங்கோ. நான் டிரம்பெட்டைத் தூக்கிண்டு நிக்கறேன். நீங்க தெனம் பண்றதுதானே?” கொஞ்சம் நிறுத்தி, “ஒங்களுக்கு வரும்தானே பாய்?” என்று கேட்டார்.

துண்டை டிரம்பெட்டுக்குள் திணித்து வீட்டில் ஊதும்போது எனக்கு அந்த ஜி மூன்று தடவைக்கு ஒரு தடவை வரும். சில நாள் அதுவும் வராது. “எப்பவும் வரும் சார்” என்று சொன்னேன். கொலாபா ஹோட்டலில் ஊதுகிறவர் நம் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெருமையாகவும் இருந்தது, அதையும் மறைப்பானேன். அவர் போன பிறகு உன் உம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே, “பல்லு ஆடுனா பல் டாக்டர்ட்டப் போவணும். இங்க எதுக்கு வாராரு? நீங்களும் தலைய ஆட்டிட்டு இருக்கிய” என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று எனக்கும் தெரிந்தது.

ரிகர்சலுக்கு, சத்தத்தை அடக்க மாட்டுகிற ம்யூட் வைத்த அவருடைய பெட்டியைத் தூக்கி வருகிற ஆள் மாதிரி நான் கூடப் போனேன். பெரிய உருப்படி ஊதுகிறவர்கள் ரிகர்சலில் மேல் நோட்டுகளை ஊதாமல் உதட்டைச் சேமித்து வைப்பார்கள், உனக்குத் தெரியும். அது அவருக்கு வசதியாகப் போயிற்று. அந்த இடம் வந்ததும் டிரம்பெட்டைக் கீழே இறக்கிக்கொள்வார், கண்டக்டர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து நடத்துவார், வயலின்கள் மட்டும் கீழே ஓடிக்கொண்டிருக்கும். நானும் கர்ட்டனுக்குப் பின்னால் சும்மா நின்றேன். இப்படி நாலு ரிகர்சல். நாலு தடவையும் அந்த எட்டு பாரைக் காலியாக விட்டோம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். நாலாவது ரிகர்சலில், வயலின்கள் அந்த இடத்தைக் கடந்ததும், கண்டக்டர் கோலை நிறுத்திவிட்டுத் தலையை அண்ணாந்து மேல் பால்கனியைப் பார்த்தார். வயசான பார்ஸி மனுஷர். “யார் அது மேலே?” என்று இங்கிலீஷில் கேட்டார். மேலே காலி நாற்காலிகள்தான் இருந்தன. காவலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். யாரோ சிரித்தார்கள், வேலை தொடர்ந்தது. நானும்தான் சிரித்தேன்.

கச்சேரியன்று நல்ல வெயில். நீயும் உம்மாவும் இரண்டாவது பால்கனியில் இருந்தீர்கள். நான் மேடையின் இடப்பக்கம் கறுப்புக் கர்ட்டனுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதன் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. வெளியே காக்கை கத்திக்கொண்டிருந்தது. அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. மணி சார் அன்று ஊதியது போல் நான் யாரும் ஊதிக் கேட்டதில்லை. ஆடுகிற பல்லோடு அவ்வளவு ஊதினார். மூன்றாவது பாகத்தில் அவர் ஏற ஆரம்பித்தபோது நான் மவுத்பீஸை உதட்டில் வைத்தேன். சி வரைக்கும் அவர் ஏறினார். பேசி வைத்தபடி இடது குதிகாலைத் தூக்கினார். அது எனக்கு அடையாளம்.

என் உதடு மரத்துப்போயிற்று. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்ட மாதிரி, வாய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று மனதுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஊதவில்லை மகனே. ஊதிப் பார்த்து வராமல் போகவில்லை; ஊதவே இல்லை. அப்போது என் இடது காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள். ஊதத் தெரிந்தவன் அடிவயிற்றிலிருந்து இழுக்கிற மூச்சு, பதற்றமே இல்லாத மூச்சு. அது போய்க்கொண்டே இருந்தது. எந்த நெஞ்சும் அவ்வளவு காற்றைக் கொள்ளாது. திரும்பிப் பார்த்தேன். வெயில் விழுந்த தரையும் நாற்காலியும்தான் இருந்தன. பிறகு அந்த ஜி வந்தது.

நாக்குத் தட்டி ஆரம்பிக்கிற சத்தம் இல்லை. ஏற்கெனவே எங்கோ ஒலித்துக்கொண்டிருந்ததன் கதவைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. நடுக்கமில்லை, ஏற்ற இறக்கமில்லை. கையில் என் டிரம்பெட் ஜில்லென்று இருந்தது. ஊதினால் பித்தளை விரலில் அதிரும், நீ அறிவாய், அது அதிரவில்லை. காக்கைச் சத்தமும் நின்றிருந்தது. எட்டு பார் முடிந்து கண்டக்டர் கையை வெட்டினார், ஆர்கெஸ்ட்ரா நின்றது, அது மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போனது. அதன் பிறகு அரங்கம் எழுந்து கைதட்டியது. மணி சார் கர்ட்டன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “என்ன பாய், மனுஷாள் வாசிக்கற மாதிரியே இல்லை” என்று அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

சயானிலிருந்து தாராவிக்கு நாம் மூன்று பேரும் நடந்தே வந்தோம். உனக்கு அப்போது பதினான்கு வயது. சாலையைக் கடக்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்து, “வாப்பா, மணி சார் ஊதும்போது கையி வேற மாதிரி இருந்துச்சு. சச்சி சொல்லுங்க, பொய் சொல்லாதிய, நீங்கதான ஊதுனிய?” என்று கேட்டாய். உன் கண்ணைப் பார்த்தேன். அப்படி ஒரு கண்ணோடு அதற்கு முன் என்னை யாரும் பார்த்ததில்லை. சினிமாவில் நான் ஊதியதற்கெல்லாம் ஹீரோவுக்குத்தான் விசில் அடித்திருக்கிறார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ ரோட்டிலேயே குதித்தாய். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாய். மறுநாள் நீயே என் பழைய டிரம்பெட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். இன்று உன் உதடு கிழிந்திருப்பது நான் ஆட்டிய அந்த ஒரு தலையால்தான்.

அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். மணி சார் நல்ல மனுஷர். அடுத்தவன் உழைப்பில் கிடைத்த கைதட்டலைச் சுமக்க அவரால் முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, தாராவியில் நம் ஆட்கள் கூட்டம் போட்டபோது கேட்காமலே வந்து மேடையேறினார். ‘கடைசி நோட்டை ஊதினது நான் இல்லை, நம்ம பாய்தான், ஊருக்கு இது தெரியணும்’ என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அவ்வளவு பேர் முன்னால் தன்னை அழித்துக்கொண்டு அவர் சொன்ன உண்மை, உண்மையே இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். கழுத்தில் பொன்னாடை போட்டார்கள், வாங்கிக்கொண்டேன். அவரை ஹோட்டலில் கேலி பேசினார்கள், கொஞ்ச நாளில் ஊதுவதையே விட்டுவிட்டார். பல்லையும் எடுத்துவிட்டார்கள். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் உம்மா பொன்னாடையை மடித்துக்கொண்டே கேட்டாள்: “கச்சேரி அன்னிக்கு மத்தியானம் நீங்க சோறு திங்கும்போது ஒங்க வாயப் பாத்தேன். மேல ஊதுனா வட்டமாத் தழும்பு விழும்லா? அன்னிக்கு ஒரு தழும்பும் இல்ல. நீங்க ஊதல. அப்ப ஊதுனது யாரு?” எனக்குத் தெரியாது என்றேன். அவள் பிஸ்மி சொல்லிப் பொன்னாடையை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். இன்றுவரை அதை எடுக்கவில்லை.

செம்பூரில் எனக்கு வேலை ஏன் போனது என்று முன்பு ஒரு முறை நீ கேட்டாய். கீபோர்டு வந்து பித்தளை வாத்தியக்காரர்களைத் துரத்திவிட்டது என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. பொன்னாடை வாங்கிய அடுத்த வாரம் ஒரு பாட்டுக்கு ஊதினோம். டேக் முடிந்ததும் கண்ணாடி அறையிலிருந்து ஒலிப்பதிவாளர் மைக்கில் கத்தினார்: “டிரம்பெட்! கட் ஹோ கயா பாய், பந்த் கரோ!” கட் சொல்லியாயிற்று, ஊதுவதை நிறுத்து என்று. என் டிரம்பெட் மடியில் கிடந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். மறுபடி டேக், மறுபடி அதே. நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். எல்லா வாத்தியமும் நின்ற பிறகு மெல்லிசாக, உயரத்தில், அந்த ஜி நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் மூச்சு இழுக்கிற சத்தமும் பதிவாகியிருந்தது. மைக்கை மாற்றிப் பார்த்தார்கள், என்னை வெளியே உட்கார வைத்துப் பார்த்தார்கள். நான் வெளியே போனதும் அது நின்றுவிட்டது. பிறகு யார் என்னைக் கூப்பிடுவார்கள்? என் சொந்த நோட்டுகளும் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் ஹை சி, அப்புறம் அதற்குக் கீழே, அதற்கும் கீழே. என்னுடையது இல்லாத ஒன்றை என்னுடையது என்றேன்; என்னுடையவை எல்லாம் போயின. இப்போது குர்லாப் பட்டறையில் மற்றவர்கள் டிரம்பெட்டுக்கு ஒடுக்கு எடுத்து, வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டறைச் சத்தம் நிற்கிற நேரத்தில் என் இடது பக்கம் யாரோ மூச்சு இழுத்து நிறுத்திக்கொண்டிருப்பது கேட்கும். இழுத்த மூச்சை விடுகிற சத்தம் மட்டும் கேட்டதே இல்லை.

உன் கடைசி வரியைப் படித்ததும் அது உன்னிடம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாதுங்காவுக்குப் போனேன். மணி சார் வீட்டு மாமி கதவைத் திறந்தார். மணி சார் இளைத்துப்போயிருந்தார், வாயில் கட்டுப்பல். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“அப்போ அது யாரு பாய்?”

“தெரியாது சார்.”

“மூச்சு இழுக்கற சத்தம் கேட்டுதே. நீங்கன்னுதான் நெனச்சேன்.”

“எனக்கும் கேட்டுச்சு. எடது காதுகிட்ட.”

அவர் மெதுவாகத் தன் இடது காதைத் தொட்டார். “நேக்கும் இந்தக் காதுதான். இப்பவும் கேக்கறது. டாக்டர் வயசுங்கறார்.” அவர் நின்ற இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவே முழு வயலின் வரிசையே இருந்தது மகனே. இரண்டு பேருக்கும் காதோரத்திலேயே கேட்டிருக்கிறது.

பிறகு அவர் எழுந்து பீரோவிலிருந்து அந்த உருப்படியின் பழைய தாளை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். மேலே ஒற்றையாக நிற்கிற பெரிய ஜிக்கு நேர் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு ஜி இருந்தது. ஒரு ஸ்தாயி கீழே. மேலே வராதவர்கள் இதை ஊதலாம் என்று எழுதியவரே இடம் கொடுத்திருக்கிறார். “மொதல் நாளே பாத்தேன் பாய். ‘மேனி சின்ன ஜி வாசிச்சான்’னு சொல்லுவாளேன்னு வெக்கம்” என்றார். நானும் அதை ரிகர்சலிலேயே பார்த்திருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அப்போதே சொன்னால் பிறகு நான் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். ஊத முடிந்ததை ஊதாமல், ஊத முடியாததற்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்தோம். காலியாக இருக்கிற இடத்துக்கு எதுவும் வரும்.

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரம்பெட்டை எடுத்தார். வால்வு இறுகியிருந்தது, நான் எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். கட்டுப்பல்லைச் சரி பண்ணிக்கொண்டு அந்தச் சின்ன ஜியை ஊதினார். ஹோட்டலில் ஊதிய மேனி இல்லை. காற்று ஒழுகியது, பித்தளை கரகரத்தது. ஐந்து பார் வரைதான் போனார், மூச்சு தீர்ந்து நிறுத்திவிட்டார். மீதி மூன்று பாரை நான் விரலால் தொடையில் தட்டினேன். இரண்டு பேரும் இடது காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் மூச்சு இழுக்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளேயிருந்து மாமி, “என்ன சத்தம் அது? காப்பி ஆறிப்போறது, வாங்கோ” என்றார். மணி சார் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். பட்டறைக்குத் திரும்பிய பிறகும் எனக்கு அது கேட்கவில்லை. இனி வரவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

உன் தாளிலும் அந்தச் சின்ன ஜி இருக்கும், எடுத்துப் பார். நீயும் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். என் பிள்ளைதானே நீ. உதடு ஆறட்டும். ரிகர்சலில் அந்த இடத்தைக் காலியாக விடாதே. சின்னதை ஊது, உடைந்தாலும் ஊது, பாதியில் நின்றால் நிற்கட்டும். பக்கத்தில் யாராவது மூச்சு இழுப்பது கேட்டால் நீ முந்திக்கொள். அதற்கு முன்பே அது வந்துவிட்டால், கைதட்டுகிறவர்களிடம் ‘நான் ஊதவில்லை’ என்று அங்கேயே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் நாக்கு திரும்பாது. எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. பெரிய ஜி என்றாவது உனக்கு வரும், வராமலும் போகும். வராவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் கண்ணு.

உம்மாவும் நானும் ஹவுரா மெயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். கச்சேரியன்று முன்வரிசையில் இருப்போம். எல்லோரும் உன் டிரம்பெட்டைப் பார்ப்பார்கள். நான் உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊதுகிறவன் கழுத்தில் நரம்பு புடைக்கும், அதை யாராலும் நடிக்க முடியாது. நரம்பு புடைக்காமல் சத்தம் மட்டும் வந்தால், முதல் கைதட்டலுக்கு முன்னால் நான் எழுந்து நின்று, ஊதியது என் மகன் இல்லை என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடுவேன்.

உன் வாப்பா